கோணாத அட்டவணையும் வாளி என்ற நாயும்

இந்தக் கதை நடந்ததா என்று இதை எழுதுகிறவனுக்குப் பல வருஷமாகச் சந்தேகம். சொன்னது கணினித் திரையில் நிற்கும் கர்சர். நாள் முழுக்கக் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கிற ஒருவன் சொல்வதை எப்படி நம்புவது?

தூத்துக்குடிப் பக்கம் ஒரு நாய்க் காப்பகம். அங்கிருந்த பழைய கணினியில் ஒரு சாதாரண உரைக்கோப்பு. வண்ணம் கிடையாது, அலங்காரம் கிடையாது, எழுத்து மட்டும்தான். அதற்குள் ஓர் அட்டவணை குடியிருந்தாள். பெயர், நிறம், இனம், குணம் என்று நான்கு அறைகள். அறைக்கு அறை ஒரு நெட்டுக்கோடுதான் சுவர்.

நாய்களைக் கவனித்துக்கொண்ட சங்கரபாண்டிதான் அவளுக்குள் தட்டச்சு செய்வார். ஓர் இடைவெளி கூடினால் சுவர் நகரும். ஒரு கோடு விட்டுப்போனால் ஒரு நாயின் நிறம் குணத்தின் அறையில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

"அண்ணாச்சி, கறுப்பு ஒரு குணமா?" என்று கேட்டார் காப்பகத்தை நடத்தும் ஸ்டெல்லா டீச்சர்.

"கடிபட்டவன்கிட்டக் கேளுங்க டீச்சர்."

பெங்களூரிலிருந்து வந்த டீச்சரின் தம்பி இதைப் பார்த்துவிட்டு, கோப்பின் வாசலில் ஒரு படிவத்தைக் காவலுக்கு நிறுத்திவிட்டுப் போனான். இனி யாரும் உள்ளே நுழைய வேண்டாம். படிவம் ஒவ்வொன்றாகக் கேட்கும். பதிலை வாங்கி, கோடு பிசகாமல் உள்ளே எழுதிவைக்கும்.

அட்டவணைக்குத் தலைகால் புரியவில்லை. பிறந்ததிலிருந்து கூனிக் கிடந்தவளுக்கு முதன்முதலாக முதுகு நிமிர்ந்தது.

அந்த வாரம் மீன் மார்க்கெட்டில் ஒரு வாளிக்குள் சுருண்டு கிடந்த நாய் வந்து சேர்ந்தது. வாளி என்றே பெயர். குட்டைக் கால், பாதிக் காது. இனம் என்ற பெட்டியில் சங்கரபாண்டி 'தெரு' என்று அடித்தார். படிவம் சிவந்தது.

"பட்டியலில் இல்லை. உள்ளதில் ஒன்றைச் சொல்லும்."

பட்டியலில் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம் இருந்தன. தம்பி நல்ல சாதி நாய்களாகப் பார்த்துச் சேர்த்திருந்தான். காலியாக விட்டாலும் படிவம் வழிவிடாது. சோறு வேறு ஆறிக்கொண்டிருந்தது. சங்கரபாண்டி முதலில் இருந்ததைத் தட்டினார். பழைய நாய்களையும் படிவம் வழியாகத் திரும்பப் பதியச் சொன்னார் டீச்சர். அவற்றுக்கும் அதையே தட்டினார். காப்பகமே சிப்பிப்பாறை ஆனது.

அட்டவணைக்கு உறுத்தியது. "எல்லாமே சிப்பிப்பாறையா..." என்று படிவத்திடம் மெல்ல இழுத்தாள்.

"உன் கோடு நேராக இருக்கிறதா?" என்றது படிவம்.

"இருக்கிறது."

"பிறகென்ன?"

அவள் அடுத்த நாய்க்கு வரி ஒதுக்கினாள். நேராக நிற்பது சுகமாகவும் இருந்தது.

காப்பகத்தில் இடம் நிரம்பியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடு அமையாவிட்டால் வாளியை மார்க்கெட்டிலேயே திரும்ப விட்டுவிடுவதென்று டீச்சர் மனசில்லாமல் முடிவு செய்தார்.

சனிக்கிழமை கருவாட்டுக்கடை பிரகாசி போன் செய்தாள். பூனைத் தொல்லை தாங்கவில்லையாம். ஒரு தெரு நாய் வேண்டுமாம். சாதி நாய் வேண்டாம், அது கருவாட்டோடு ஏசியும் கேட்கும் என்றாள். டீச்சர் கோப்பில் தேடினார்.

"தெரு நாய் இல்லையேம்மா."

வெளியே வாளி குரைத்தது.

"அப்ப அங்க குரைக்கிறது யாரு?"

டீச்சர் திரையைப் பார்த்துச் சொன்னார்: "அது சிப்பிப்பாறை."

வாசலில் சங்கரபாண்டி சோற்றுச் சட்டியை இறக்கிவைத்தார். "என்னைப் பதிஞ்சாலும் அதுதான் வரும் டீச்சர்," என்றபடி வந்து படிவத்தை மூடினார். கோப்பை நேராகத் திறந்தார்.

"கோணிப்போவாய்," என்று அட்டவணையை எச்சரித்தது படிவம்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். "வாரும் அண்ணாச்சி."

அவர் சிப்பிப்பாறையை அழித்துத் 'தெரு' என்று அடித்தார். சுவர் நகர்ந்தது. வாளியின் வரி முழுக்கக் கோணியது.

"இருக்கும்மா," என்றார் டீச்சர் போனில். "ஒண்ணு இருக்கு."

சாயங்காலம் வாளி கருவாட்டுக் கூடையில் உட்கார்ந்து போனது. பிறகு படிவம் வந்து கோட்டை மட்டும் நேராக்கியது. 'தெரு'வைத் தொடவில்லை.

இதைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம் கர்சர் சிமிட்டுவான். கடைசியில் ஒருநாள் இதை எழுதுகிறவன் அவனிடம் கேட்டே விட்டான்:

"சங்கரபாண்டி வாளியைச் சிப்பிப்பாறை ஆக்கியபோது அந்த இனப் பெட்டிக்குள் நின்றது நீதானே? ஒரு நொடி சிமிட்டாமல் இருந்திருந்தால் என்னவோ ஏதோவென்று நிமிர்ந்து பார்த்திருப்பாரே, ஏன் இருக்கவில்லை?"