இறக்கத்தில் ஒரு தூக்கம்

மேட்டுப்பாளையத்தில் பிரேக் வேலை மட்டும் பார்க்கிற பட்டறை ஒன்று வைத்திருந்தாள் கோகிலா. அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அவளிடம் தொழில் கற்க வந்த ராயப்பனுக்கு ஐம்பத்து நான்கு.

ராயப்பன் இருபத்தைந்து வருடம் மலைப்பாதையில் லாரி ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன்பு ஓர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போக, வண்டியை மலைப்பக்கம் ஒடித்து மண்மேட்டில் மோதி நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதன்பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்கியது. பிழைத்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் சில மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். பிறகு கோகிலாவிடம் வந்து, பிரேக் வேலையை அடியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அவள் எதையும் விசாரிக்கவில்லை. வேலைக்குப் போட்டுக்கொள்ள ஒரு காக்கிச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

வந்த நாளிலிருந்து அவரிடம் ஒரே கேள்விதான் இருந்தது.

"கைவிடாத பிரேக் எது, அம்மிணி?"

"அந்த நட்டை முடுக்குங்கண்ணா," என்பாள் கோகிலா. அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் கோத்தகிரியிலிருந்து போஜன் தன் பிக்கப்பைக் கொண்டுவந்தார். முட்டைக்கோசும் பீட்ரூட்டும் ஏற்றிக்கொண்டு தினமும் மலை இறங்குகிற வண்டி. முன்சக்கரம் கத்துகிறது, பிரேக் பேட் மட்டும் மாற்றினால் போதும் என்றார். சீக்கிரம் தேயாத, கெட்டியான பேடாக வேண்டும் என்றும் சொன்னார்.

ராயப்பன் சக்கரத்தைக் கழற்றினார். பேட் இரும்புத் தகடு வரை தேய்ந்திருந்தது. அது கவ்விப் பிடிக்கிற டிஸ்க் முழுக்க வரிவரியாகக் கோடு விழுந்திருந்தது. லேத்தில் கொடுத்துக் கடைந்துவிட்டு, கெட்டி பேடையே மாட்டிவிடலாம் என்பது அவர் எண்ணம்.

கோகிலா டிஸ்கின் கனத்தை அளந்தாள். அதன்மேலேயே பொறித்திருந்த குறைந்தபட்ச அளவை அவருக்குக் காட்டினாள். கடைந்தால் அதற்கும் கீழே போய்விடும், மெலிந்த டிஸ்க் இறக்கத்துச் சூட்டைத் தாங்காது என்று விளக்கினாள். பிறகு போஜனிடம் திரும்பினாள்.

"வண்டியில கூட யார் வருவாங்க?"

போஜன் விரல்விட்டு எண்ணினார். வாரத்தில் இரண்டு நாள் மனைவி வருவாள், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு என்றார். மடியில் குழந்தையும் இருக்கும். சொல்லிவிட்டு அவரே டிஸ்கைக் குனிந்து பார்த்தார். இரண்டு பக்கமும் புது டிஸ்க் போடுங்கள் என்றார்.

பேடை ராயப்பனையே எடுக்கச் சொன்னாள் கோகிலா. அவர் வெகுநேரம் அலமாரி முன்னால் நின்றார். கடைசியில் கெட்டி பேடை அங்கேயே வைத்துவிட்டு, சூட்டிலும் பிடிவிடாத வேறொன்றை எடுத்துவந்தார். இது சீக்கிரம் தேயும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று அவரே போஜனிடம் சொன்னார். அவர் மாட்டி முடித்ததும் கோகிலா ஒவ்வொரு போல்ட்டையும் ஒருமுறை சரிபார்த்தாள்.

ஊருக்கு வெளியே நேரான ரோட்டில் போஜன் பலமுறை வேகத்தைக் குறைத்துக் குறைத்து ஓட்ட, புது பேட் டிஸ்கோடு தேய்ந்து பொருந்திப் படிந்தது. பாரத்தோடு ஒருமுறை இறக்கிப் பார்த்தால்தான் வேலை முடியும் என்று சொல்லி, மூன்று பேரும் கோத்தகிரிக்குப் போனார்கள். அங்கே மூட்டைகள் ஏறின. மூட்டைகளை மேட்டுப்பாளையம் மார்க்கெட்டில் சேர்க்கச் சொல்லிவிட்டு போஜன் வீட்டுக்குப் போக, கோகிலா சாவியை ராயப்பனிடம் நீட்டினாள்.

தன்னால் முடியாது என்றார் அவர். கை நடுங்குவதைக் காட்டினார்.

"சரிங்கண்ணா," என்றாள். சாவியை அவர் கையில் வைத்துவிட்டு, பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

அவர் வெகுநேரம் கழித்து ஏறினார். இரண்டாவது கியரிலேயே மலை இறங்கினார். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தார். ஏறிவரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்று வழிவிட்டார். நாலாவது வளைவில் திரும்பிப் பார்த்தபோது, கோகிலா ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

குஞ்சப்பனை ஊருக்கு மேலே ஒரு திருப்பத்தில் நடுரோட்டில் காட்டெருமை நின்றது. பிரேக்கை மிதித்தார். வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லை, கத்தவில்லை. அதற்குப் பத்தடி முன்னால் நின்றது. காட்டெருமை அவரைப் பார்த்துவிட்டு மெதுவாகக் காட்டுக்குள் போனது. கோகிலா எழுந்திருக்கவில்லை. ராயப்பனுக்குக் கண் நிறைந்து ரோடு மங்கியது. துடைத்துக்கொண்டு, மறுபடி இரண்டாவது கியரில் கிளப்பினார்.

கீழே மார்க்கெட் வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கினார். முன்சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குள் கோகிலா விழித்து இறங்கியிருந்தாள். அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

"வழி நெடுக எனக்கு பயம், அம்மிணி. கை நடுக்கம் நிக்கவே இல்லை. உங்களுக்கு எப்படித் தூக்கம் வந்துச்சு?"

கோகிலா முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"நீங்க பயந்து ஓட்டுனீங்க. அதனாலதானுங்கண்ணா தூங்குனேன்."