சடையன் காலில் ஏறாத விலங்கு

முன்னொரு காலத்தில் குறும்பொறை நாட்டை விசயகேது என்றொரு ராஜா ஆண்டான். காலையில் தானே மாலை போட்டுப் பாராட்டியவனைச் சாயங்காலம் கழுதைமேல் ஏற்றிவிடுவான், அப்படியொரு குணம்.

ராஜா பிறந்தநாளன்று கைதிகளைச் சபையிலேயே விடுவிப்பார்கள். விலங்கு உடைக்கச் சிறைக்கொல்லன் பெண்சாதி வேம்பாயி வருவாள். புருஷன் போனபின் பட்டறை அவள் கையில்.

அந்த வருஷம் சடையன் என்ற கைதியின் பேர் வந்ததும் தளவாய் வீரபத்திரர் குறுக்கே விழுந்தார். "பிரபு, இவன் அரண்மனை வைக்கோல்போருக்குத் தீ வைத்தவன். குதிரை லாயக்காரர் ஒருவர் வெந்து செத்தார்."

அப்போது சடையனுக்குப் பதினாலு வயது. இப்போது முப்பத்தாறு.

வேம்பாயி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு முன்னே வந்தாள். "மகாராஜா, அந்தத் தீ வைத்தவன் உங்கள் சிறையில் இல்லை."

"நிரூபி. தோற்றால் உன் காலுக்கும் விலங்கு" என்றான் ராஜா. சடையனைப் பார்த்து, "நீ வைக்கவில்லையா?"

"நான்தான் வைத்தேன், மகாராஜா. பொய் சொல்லி வெளியே போக மாட்டேன்."

'பாவி, கெடுத்தானே' என்று வேம்பாயி நெஞ்சைப் பிடித்தாள். தளவாய் மீசையைத் தடவினார்.

"தளவாய் ஐயா, தீர்ப்பன்று முத்திரை குத்திய விலங்கைத்தானே குற்றவாளிக்கு மாட்டவேண்டும்?" என்றாள் வேம்பாயி.

"ஆமாம். அதுதான் சட்டம்."

"இதோ அது, இவன் வளர்ந்ததும் கழற்றி வைத்தது. நீங்களே மாட்டுங்கள்."

அந்த விலங்கு வளையலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. தளவாய் மண்டியிட்டு அழுத்தினார், திருகினார். இரண்டு முனையும் கணுக்காலைச் சுற்றிச் சேரவே இல்லை. விரல் நசுங்கியதுதான் மிச்சம்.

"காலை இன்னும் நீட்டட்டுமா, ஐயா?" என்றான் சடையன்.

சபை சிரித்தது. "ஆள் வளர்ந்துவிட்டான். நான் என்ன செய்ய?" என்று சீறினார் தளவாய்.

"கால் மட்டும்தான் வளர்ந்ததா?" என்றாள் வேம்பாயி. "லாயக்காரர் செத்த நாளில் இவன் கஞ்சியைத் தொடுவதில்லை. தீ வைத்த பிள்ளைக்கு அந்தத் துக்கம் தெரியுமா? அந்தப் பிள்ளை எப்போதோ போய்விட்டான். இருபத்திரண்டு வருஷமாக வேறு ஒருத்தனைக் கட்டிவைத்திருக்கிறீர்கள்."

ராஜா அந்தச் சின்ன விலங்கைக் கையில் வாங்கித் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தான். பிறகு, "இவனை விடு" என்றான். தன் தங்கக் காப்பைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

"காப்பு வேண்டாம், மகாராஜா. பட்டறையில் இதே அளவில் இன்னும் பதினொன்று கிடக்கிறது. போட்டிருந்த பிள்ளைகள் வளர்ந்து இன்னும் சிறையில்தான் இருக்கிறார்கள்."



"அந்தப் பதினொரு பேரையும் கொண்டுவாருங்கள்" என்றான் ராஜா. "ஒவ்வொரு காலிலும் தளவாயே மாட்டிப் பார்க்கட்டும்."

தளவாய் தரையிலிருந்து எழவில்லை. எழுந்தால் மறுபடி மண்டியிட வேண்டுமே.