சிங்கமுகக் குழாயின் அதிர்ஷ்டம்

மருதக்கோட்டை ராஜா கெம்பீரபூபதிக்கு எதிரிகளே கிடையாது. சண்டைக்கு வருமளவுக்கு அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. அரசவையில் அதற்கு வேறு விளக்கம்: "மன்னரின் பெயரைக் கேட்டே அண்டை நாடுகள் நடுங்குகின்றன!" எதையும் இப்படி அழகாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த அவையில் சோறு.

அரண்மனை வாசலில் ஊர்ச்சனம் தண்ணீர் பிடிக்க ஒரு வெண்கலக் குழாய் இருந்தது. சிங்கமுகம், திருகினால் வாய் வழியே தண்ணீர் வரும். ஒருநாள் உள்ளிருந்த தோல் வளையம் தேய்ந்து, எவ்வளவு இறுக்கி மூடினாலும் குழாய் சொட்ட ஆரம்பித்தது. அன்றைக்கென்று பார்த்து ராணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. அரண்மனைச் சோதிடர் நாகலிங்கர் விடுவாரா?

"அரசே, இது ஒழுகல் இல்லை! சிவலிங்கத்தின் மேல் செம்பிலிருந்து சொட்டுகிறதே, அதைப் போன்ற புனிதத் தாரை. கங்கையே உங்கள் வாசலைத் தேடி வந்திருக்கிறாள். இதை நிறுத்தினால் நாட்டுக்கு ஆகாது."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. சொட்டை நிறுத்துகிறவன் எவனானாலும் அவன் கை வெட்டப்படும் என்று முரசறைந்தார்கள். புலவர்கள் சொட்டுக்கு ஒரு பாட்டு வீதம் பாடினார்கள். ஒழுகிய தண்ணீர் வளைந்து நெளிந்து சோதிடரின் வாழைத்தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்தது. கங்கைக்கு வழி தெரிந்திருக்கிறது, பாருங்கள்! விடிய விடிய ஒழுகியதில் குழாய்க்குத் தண்ணீர் தரும் தொட்டி பாதி காலியாகிவிட, வரிசையில் பின்னால் நின்ற பெண்கள் தினமும் வெறுங்குடத்தோடு திரும்பினார்கள்.

ஒரு மாதம் போயிற்று. கன்னார் பொன்னுலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. வெண்கலம் அடித்துப் பிழைக்கிறவருக்கு ஒழுகும் குழாயைப் பார்த்தால் பல்வலி வந்த மாதிரி இருக்கும். பட்டப்பகலில் போய்க் குழாயைக் கழற்றி, புதுத் தோல் வளையம் வெட்டி வைத்து மூடினார். சொட்டு நின்றது. காவலரும் வந்து நின்றார்கள். சாட்சிப் பொருள் என்று வளையத்தைப் பிடுங்கிக்கொண்டதில் குழாய் பழையபடி ஒழுகியது. மறுநாள் காலை கன்னாரின் கையை வெட்டுவதென்று தீர்ப்பாயிற்று.

அவையில் இருந்த ஆவுடைநாதனுக்கு மனம் ஒப்பவில்லை. ராஜாவின் ஆலோசகர் அவர். ஆனால் அவரிடம் ஆலோசனை கேட்கும் வழக்கம்தான் கிடையாது. அந்தக் கை போனால் ஊரில் குடத்து ஓட்டை அடைக்கக்கூட ஆளில்லை, அந்தக் குடும்பத்துக்குக் கஞ்சியும் இல்லை. நியாயம் பேசினால் ராஜாவுக்குக் காது கேட்காது. புகழ்ந்தால் நன்றாகவே கேட்கும். ஆகவே கும்பிட்டுக்கொண்டே எழுந்தார்.

"அரசே, தீர்ப்பு பிரமாதம். எனக்கு ஒரே ஒரு மனக்குறை."

"என்னய்யா குறை?"

"தாரை என்றால் கீழே லிங்கம் இருக்க வேண்டும். நம் வாசலில் கங்கை சேற்றில் விழுகிறாள். அந்தப் பாக்கியம் சேற்றுக்கு எதற்கு? அது விழ வேண்டிய தலை எது என்று சோதிடரே சொல்லட்டும்."

ராஜா மீசையை முறுக்கியபடி காத்திருந்தார். வேறு எந்தத் தலையைச் சொன்னாலும் சோதிடரின் தலை தங்காது.

"மன்னர் தலைதான்," என்றார் சோதிடர்.

"லிங்கத்துக்கு நாள் முழுவதும் சொட்டுகிறது. மன்னருக்கு நேரத்தைக் குறைத்தால் மரியாதைக் குறைவு இல்லையா, சோதிடரே?"

"ஆ... ஆமாம்."

மறுநாள் மார்கழிக் காலை. குடம் வைக்கும் கல்லின் மேல் பட்டு விரித்து, கிரீடத்தைக் கழற்றிவிட்டு, ராஜா குழாயடியில் உட்கார்ந்தார். அபிஷேகம் முடிந்ததும் வெட்டு என்று கன்னாரைப் பக்கத்திலேயே கட்டி வைத்திருந்தார்கள்.

சொட்டு. நேராக உச்சந்தலையில். ராஜா புன்னகைத்தார். புலவர்கள் பாடினார்கள். பத்தாவது சொட்டில் புன்னகை போயிற்று. ஐம்பதாவது சொட்டு கழுத்து வழியாக முதுகுக்குள் இறங்கியது. சொட்டு விழுவதைவிட, அடுத்தது எப்போது விழும் என்று காத்திருப்பது பெரிய வேதனையாக இருந்தது. ராஜா தும்மினார்.

"தீர்க்காயுசு!" என்றது அவை.

"ஆயுசு கிடக்கட்டும்! யாராவது இதை நிறுத்துங்களய்யா!"

யாரும் அசையவில்லை. புலவர், சேனாதிபதி, சோதிடர் எல்லோரும் தங்கள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். இன்னொரு சொட்டு விழுந்தது. ராஜா துள்ளி எழுந்து, சிங்கத்தின் வாயைத் தன் கையாலேயே அழுத்தி மூடினார்.

சொட்டு நின்றது. வாளேந்தியவன் நேர்மையான ஆள். ஆவுடைநாதனிடம் தயங்கித் தயங்கி, "ஐயா, முதல்ல யார் கைங்க?" என்று கேட்டான்.

ராஜாவின் முகம் வெளுத்தது. "ஓய், நான் ஏதோ அவசரத்துக்கு..."

"கன்னாரும் அவசரத்துக்குத்தான் செய்தார், அரசே. ஊர் ஒரு மாதம் பொறுத்தது. தாங்கள் அரை நாழிகை பொறுத்தீர்கள்."

ராஜா சிங்கத்தின் வாயை மூடியிருந்த தன் கையைப் பார்த்தார். பிறகு குபீரென்று சிரித்துவிட்டார். "அவிழ்த்துவிடுங்கள் அவரை! அந்த ஆணையும் ரத்து!"

"தாரை நிற்பதுதான் மகா சுபம், அரசே. நான் அப்போதே நினைத்தேன்," என்றார் சோதிடர்.

கன்னார் யார் காலிலும் விழவில்லை. காவலரிடமிருந்து தோல் வளையத்தை வாங்கிக்கொண்டு நேரே குழாயடிக்கு வந்தார்.

"மகாராசா, கொஞ்சம் கையை எடுங்க. வேலை பார்க்கணும்."

ராஜா கையை எடுக்கவில்லை. வாளை ஒருமுறை பார்த்தார். ஆவுடைநாதனைப் பார்த்தார்.

"எடுக்கலாமா?"

"தாராளமாக எடுக்கலாம், அரசே. தங்கள் கை தங்களுக்கே!"

அன்று கன்னாரின் இரண்டு கைகளுக்கும் தங்கக் காப்பு போட்டார்கள். ஆவுடைநாதனுக்குப் பொன்னாடை கிடைத்தது. கொஞ்சம் ஈரமாகத்தான் இருந்தது; ராஜா அதில் தலையைத் துவட்டிவிட்டுத்தான் போர்த்தினார்.