பொன்னாடை அட்டை

கோவில்பட்டி ஜவுளிக்கடை முதலாளி சிதம்பரராஜுக்குக் கொடுக்கவும் ஆசை, கொடுத்தது கையை விட்டுப் போகவும் கூடாது. அதனால் தீபாவளிக்கு வேலைக்காரர்களுக்குத் துணி கொடுப்பதை நிறுத்திவிட்டுப் பரிசு அட்டை கொடுத்தார்.

தரை துடைக்கும் பேச்சியம்மாள் அட்டையோடு சேலை எடுக்கப் போனாள். ஐயாயிரத்துக்கு மேல் எடுத்தால்தான் அட்டை செல்லுமாம், அதுவும் மதுரைக் கிளையில் மட்டும்தானாம். கடன் வாங்கி, லீவு கேட்டு, மதுரைக்குப் போய்ச் சேர்ந்தபோது அட்டையின் கெடு முடிந்திருந்தது.

முதலாளியிடம் வந்து சொன்னாள்.

"பரிசுன்னா மனசைப் பாக்கணும் பேச்சி. அட்டை எப்படிப் பளபளன்னு இருக்கு பாரு. அது கிடக்கட்டும், ஞாயித்துக்கிழமை எனக்குப் பாராட்டு விழா. நீங்க எல்லாரும் சேர்ந்து ஒரு பொன்னாடை போர்த்திரணும்."

"போர்த்திருவோம் மொதலாளி."

விழா மேடையில் சிதம்பரராஜ் பொன்னாடைக்காகக் கழுத்தைத் தாழ்த்தி நின்றார். பேச்சியம்மாள் ஜிகினா ஒட்டிய ஓர் அட்டையை அவர் கையில் கொடுத்தாள். மைக் பிடித்திருந்தவர் வாழ்த்துமடல் என்று நினைத்து அதை வாங்கி உரக்கப் படித்தார்.

"இந்த அட்டையைக் காட்டினால் ஒரு பொன்னாடை போர்த்தப்படும். ஐந்து மாலை வாங்கியவருக்கு மட்டும். மதுரை மேடையில் மட்டும். கெடு நேற்றோடு முடிந்தது."

மண்டபமே சிரித்தது. முதலாளி குனிந்த கழுத்தை நிமிர்த்தாமலே, "பொன்னாடை எங்க பேச்சி?" என்றார்.

"மனசைப் பாருங்க மொதலாளி. அட்டை பளபளன்னு இருக்குல்ல."

அடுத்த தீபாவளிக்குச் சேலையே வந்தது. பேச்சியம்மாள் முந்தானை வரை பிரித்து, எங்கேயாவது நிபந்தனை எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டாள்.