ஈயம் அசையக் கூடாது

ரொறன்ரோவிலிருந்து வடக்கே இரண்டு மணித்தியாலம் ஓடினால் ஓர் ஏரி வரும். அதன் கிழக்குக் கரையில் யோகமலர் படகுகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாள். வயது முப்பத்தெட்டு. அதிகம் பேசமாட்டாள்.

சனி, ஞாயிறுகளில் ஸ்காபரோவிலிருந்து தமிழர்கள் பாஸ் என்ற ஏரி மீனைப் பிடிக்க அங்கே வருவார்கள். பெரிய தடி, பெரிய றீல், பெட்டி நிறையப் பளபளக்கும் பொய் மீன்கள். வீசுவார்கள், இழுப்பார்கள், மறுபடி வீசுவார்கள். வெயில் ஏறித் தண்ணீர் அடிவரை தெளிந்துவிடும் நாட்களில் ஒன்றும் கடிக்காது. அந்த நாட்களிலும் யோகமலர் பிடிப்பாள்.

அவளிடம் இருந்தது ஒரு மெல்லிய தடி. தங்கூசி என்ற நைலோன் நூலின் நுனியில் புளியங்கொட்டை அளவு ஈயம். ஈயத்துக்கு ஒரு சாண் மேலே தூண்டில் முள், ஒரு சின்னக் கொழுக்கி. அதில் மூக்கில் மட்டும் குத்திய, விரல் நீளப் பிளாஸ்டிக் புழு. ஈயம் தரையில் கிடக்கும். புழு அதற்கு மேலே தண்ணீரில் மிதந்து நிற்கும். ட்ரொப் ஷொட் என்று அதற்கு அங்கே பெயர்.

ஒருமுறை ஒருவர் கேட்டார்: "என்ன நிறப் புழு போடுறியள்?"

யோகமலர் தன் புழுப் பைக்கற்றை அப்படியே அவரிடம் கொடுத்தாள். பிறகு படகு கழுவும் ரப்பர் கையுறையிலிருந்து ஒரு கீற்று வெட்டித் தன் கொழுக்கியில் மாட்டினாள். பின்னேரம் அவர் வெறும் வாளியோடு திரும்பி வந்தபோது அவளுடைய வாளியில் மூன்று மீன் கிடந்தன. அதற்குப் பிறகு நிறத்தைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அந்த ஜூலை மாதம் குகதாசன் வந்தார்.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. வீடுகளுக்குப் பெயின்ற் அடிப்பது தொழில். சுவரும் கூரையும் சந்திக்கிற மூலையில் மற்றவர்கள் நாடா ஒட்டித்தான் அடிப்பார்கள். குகதாசன் நாடா தொட்டதில்லை. ஏணியில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. கோடு நேராக இருக்கும். முப்பது வருடம் அப்படி இருந்தது. போன வருடம் வலது கை நடுங்கத் தொடங்கியது. டொக்டர் அதற்கொரு பெயர் சொல்லி மாத்திரை எழுதினார். நடுக்கம் குறைந்தது. நிற்கவில்லை.

"பிள்ளை, நீர்தானே யோகமலர்?"

"ஓம் அண்ணை."

"இந்தப் புழுத் தூண்டிலுக்குத் தடியின்ரை நுனியை நடுங்கப் பண்ண வேணுமாமே. உண்மையோ?"

"ஓம்."

குகதாசன் காற்சட்டைப் பைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து நீட்டினார். அது ஆடிக்கொண்டிருந்தது.

"இது சம்பளம் கேக்காமல் ஆடுது. உமக்குப் படிப்பிக்கிற வேலையிலை பாதி மிச்சம்."

யோகமலர் சிரித்தாள். "ஏறுங்கோ" என்று படகைக் காட்டினாள்.

காலை முழுவதும் இரண்டு பேரும் ஒரே பாறைத் திட்டுக்கு மேலே தூண்டில் போட்டார்கள். ஒரே ஈயம், ஒரே கொழுக்கி, ஒரே பைக்கற்றிலிருந்து எடுத்த புழு. மதியத்துக்குள் அவளுக்கு ஐந்து மீன். அவருக்கு ஒன்றுமில்லை.

"நான் உம்மைவிட நல்லா ஆட்டுறன். ஏன் எனக்குக் கடிக்குதில்லை?"

அவள் படகைத் துறைக்குத் திருப்பினாள். கட்டிவிட்டு உள்ளே போய் ஒரு நீச்சல் கண்ணாடி கொண்டுவந்தாள்.

"தண்ணிக்குள்ளை இறங்குங்கோ."

"என்னத்துக்கு?"

"கேட்டது நீங்கள்தானே."

குகதாசன் சேட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, துறையின் இரும்பு ஏணியில் இறங்கினார். தண்ணீர் நெஞ்சுவரை வந்தது. ஜூலை மாதத்திலும் குளிர்ந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார்.

துறையில் நின்று அவள் போட்ட ஈயம் ஒரு தட்டைக் கல்லில் கிடந்தது. மேலே புழு. அது ஒருமுறை சிலிர்த்தது. பிறகு நின்றது. மறுபடி ஒருமுறை. நின்றது. ஈயம் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

துறையின் நிழலுக்குள்ளிருந்து ஒரு மீன் வந்தது. மண்ணிறம், உடம்பில் கறுத்த பட்டைகள். புழுவுக்கு ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தது. புழு அசையவில்லை. மீன் பின்னால் நகர்ந்தது. 'ஆட்டு, இப்ப ஆட்டு' என்று குகதாசன் மனசுக்குள் கத்தினார். புழு அசையவில்லை. மீன் திரும்ப வந்தது. அவருக்கு மூச்சு முட்டியது. முகத்தை எடுக்க மனம் வரவில்லை. மீன் வாயைத் திறந்தது. அவ்வளவுதான். பாயவும் இல்லை, கடிக்கவும் இல்லை. புழு இருந்த இடத்தில் புழு இல்லை.

அவர் இருமிக்கொண்டு தலையைத் தூக்கினார். மேலே அவளுடைய தடி வளைந்திருந்தது.

"அது ஒண்டும் செய்யேல்லை!"

"எது?"

"புழு! அது சும்மா நிண்டது!"

"ஓம்."

"நீர் ஆட்டுறீர் எண்டெல்லோ நினைச்சன்."

"ஆட்டினனான். பிறகு நிண்டனான்." அவள் மீனைத் தூக்கிக் கொழுக்கியைக் கழற்றினாள். "இனி நீங்கள் மேலை வாங்கோ. நான் இறங்கிறன்."

அவர் துறையில் நின்று தூண்டிலைப் பிடித்தார். அவள் உடுத்த உடுப்போடு இறங்கி மூழ்கினாள். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கி முகத்தை வழித்துக்கொண்டாள்.

"எப்பிடி?" என்றார் குகதாசன்.

"நான் மீனாயிருந்தால் இப்ப அக்கரையிலை நிப்பன்."

"அவ்வளவு மோசமோ?"

"ஈயம் துள்ளித் துள்ளிக் கல்லிலை அடிக்குது. ஈயம் அசையக் கூடாது."

குகதாசனுக்கு இந்த முறை பகிடி வரவில்லை. தடியை மடியில் வைத்துக்கொண்டு துறைப் பலகையில் இருந்தார்.

"என்ரை கைக்கு நிக்கத் தெரியாது பிள்ளை. தெரிஞ்சால் நான் ஏன் இஞ்சை வாறன்?"

அவள் ஏணியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ரை மகள் ஆரணிக்கு வாற மாசக் கடைசியிலை கலியாணம். மணவறையிலை நான் அவளின்ரை கையைப் பிடிச்சு மாப்பிளையின்ரை கையிலை குடுக்க வேணும். அறுநூறு பேர் வருகினம். வீடியோக்காரன் கிட்ட நிப்பான். இந்தக் கையாலையோ குடுக்கிறது? தம்பியைக் குடுக்கச் சொல்லலாம் எண்டிருக்கிறன். இன்னும் வீட்டிலை சொல்லேல்லை. ஆறு கிழமை இருக்கு. கையை ஒரு நிமிஷம் நிப்பாட்டப் பழகினால் காணும். உம்மட்டை வந்தால் கை பழகும் எண்டு ஆரோ சொல்லிச்சினம்."

அவள் 'ஐயோ பாவம்' என்று சொல்லவில்லை. மேலே ஏறி வந்தாள். அவருடைய மடியிலிருந்த தடியை எடுத்து, றீலைத் திறந்து, இரண்டு ஆள் நீளத்துக்கு நூலைக் கூடுதலாக விட்டாள். இறுகியிருந்த நூல் தொய்ந்து தண்ணீரின் மேல் வளைந்து கிடந்தது. தடியை அவருடைய வலது கையில் கொடுத்தாள்.

"கை ஆடட்டும். பிடியுங்கோ."

மறுபடி இறங்கி மூழ்கினாள். இந்த முறை நெடுநேரம் மேலே வரவில்லை. வந்தபோது கேட்டாள்:

"உங்கடை கை ஆடுதோ?"

"ஆடுது. பாரும்."

"அங்கை ஆடேல்லை."

குகதாசன் தன் கையைப் பார்த்தார். தடியின் நுனியைப் பார்த்தார். நுனி ஆடியது. அதிலிருந்து இறங்கிய நூலும் கொஞ்சத் தூரம் ஆடியது. பிறகு தண்ணீரில் படுத்துக்கிடந்த வளைவு தொடங்கியது. அதற்கு அப்பால் ஆட்டம் இல்லை.

"தொய்ஞ்சு கிடந்தால் மீன் எடுக்கிறது எனக்கு எப்பிடித் தெரியும்?"

"நூலைப் பாருங்கோ. அது ஒரு பக்கம் நடக்கத் தொடங்கும்."

அவர் பார்த்தார். வெயில் முதுகைச் சுட்டது. அவள் ஈர உடுப்போடு பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தண்ணீரின் மேல் கிடந்த வளைவு ஒரு பக்கமாக நிமிரத் தொடங்கியது. மெதுவாக, யாரோ நூலை எடுத்துக்கொண்டு நடந்து போவதுபோல.

"வெட்டி இழுக்காதேங்கோ. சும்மா தூக்குங்கோ."

தூக்கினார். தடி கீழே வளைந்து தண்ணீரைத் தொட்டது. மீன் வானத்துக்குப் பாய்ந்து விழுந்தது. குகதாசன் "அடி சக்கை!" என்று கத்தினார். துறையின் மறுபக்கம் கட்டியிருந்த ஒரு படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மீனைக் கரைக்குக் கொண்டு வந்ததும் அந்தப் படகிலிருந்து ஓர் இளைஞன் இறங்கி ஓடிவந்தான். அவருடைய கையை ஒருமுறை பார்த்துவிட்டு, "தாங்கோ அண்ணை, கொழுக்கியை நான் கழட்டி விடுறன்" என்றான்.

"தேவையில்லை தம்பி. எனக்கு நேரம் இருக்கு."

அவர் கழற்றினார். நேரம் எடுத்தது. யோகமலர் உதவிக்குப் போகவில்லை. இளைஞன் நின்று பார்த்தான். கொழுக்கி வந்தது.

"நாளைக்கும் வரட்டோ?" என்று அவளிடம் கேட்டார். "நீங்கள் நாளைக்கு இருப்பியளோ?"

அன்றுதான் முதல்முறை அவளை அவர் 'நீங்கள்' என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். சில நாள் இரண்டு மீன், சில நாள் ஏழு. ஒருநாள் காற்று அடித்து நூலைத் தூக்கிக்கொண்டு போனது, ஒன்றுமில்லை. கையைப் பைக்குள் வைக்க நேரம் கிடைக்கவில்லை. தடியைப் பிடிக்க வேண்டும், புழுவைக் குத்த வேண்டும், மீனைப் பிடிக்க வேண்டும். மற்றப் படகுக்காரர்கள் ஒரு தரம் கையைப் பார்ப்பார்கள், பிறகு வாளியைப் பார்ப்பார்கள், பிறகு "என்ன புழு அண்ணை?" என்று கேட்பார்கள்.

கலியாணத்துக்கு முந்திய வாரச் சனிக்கிழமை படகில் இருக்கும்போது குகதாசன் கேட்டார்:

"இஞ்சை நூலைத் தொய்ய விட்டன், சரிவந்தது. மணவறையிலை என்னத்தைத் தொய்ய விடுறது?"

யோகமலர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கலியாணத்தைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது அண்ணை. எனக்கு மீனைப் பற்றித்தான் தெரியும்."

"ஏதாவது சொல்லுங்கோவன்."

"உங்கடை நூல் நடக்குது."

அவர் பதறித் திரும்பினார். நூல் நடந்துகொண்டிருந்தது.

ஓகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் கலியாணம் நடந்தது. தனக்குப் பதிலாக மகளின் கையைக் கொடுக்கும்படி குகதாசன் தம்பியிடம் முந்திய வாரமே சொல்லி வைத்திருந்தார். தம்பி பட்டு வேட்டியோடு முன்வரிசையில் ஆயத்தமாக இருந்தார். மேளச் சத்தத்துக்கு நடுவில் ஐயர், "பெண்ணின்ரை தாய் தகப்பன் வாங்கோ" என்று கூப்பிட்டார். குகதாசனின் மனைவி இந்திராணி செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தம்பியும் எழுந்தார்.

குகதாசன் தம்பியின் தோளில் கையை வைத்தார். வலது கை. தோளும் சேர்ந்து ஆடியது.

"நீ இரு" என்றார். "அவள் என்ரை பிள்ளை."

மணவறைக்குப் போய் நின்றார்.

அடுத்த சனிக்கிழமை விடிந்த கையோடு ஏரிக்கு வந்துவிட்டார். பலகாரப் பெட்டி ஒன்று கொண்டுவந்திருந்தார். யோகமலர் ஒரு பயித்தம் பணியாரத்தைக் கடித்துக்கொண்டே படகை அவிழ்த்தாள். பாறைத் திட்டுக்கு மேலே வந்து நங்கூரத்தைப் போட்டார்கள்.

"நான்தான் குடுத்தனான்" என்றார் குகதாசன்.

"நல்லது."

"கை நிக்கேல்லை."

"ம்."

"நிக்கவேயில்லை. முன்னையிலும் மோசமாய் ஆடினது. இந்திராணி வார்த்த தண்ணியிலை பாதி ஐயரின்ரை வேட்டியிலை. அறுநூறு பேரும் பார்த்தவை." அவர் சிரித்தார். "ஆனால் கேளுங்கோ. ஆரணியின்ரை கை என்ரை கைக்கு மேலை. அவளின்ரை கையும் ஆடினது. மாப்பிளை கையை நீட்டினான், அதுவும் ஆடினது. இருபத்தெட்டு வயசுப் பெடியன், நல்ல உடம்பு, அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை! மூண்டு கை ஒண்டாய் ஆடேக்கை எது என்ரை எண்டு எனக்கே தெரியேல்லை."

யோகமலர் புழுவைக் கொழுக்கியில் குத்தினாள்.

"வீடியோவை நேற்று இரண்டு தரம் பார்த்தன். எனக்கு வெக்கமே வரேல்லை. இனி ஆருக்கு முன்னாலையும் இந்தக் கையை ஒளிக்கமாட்டன். அது ஆடினால் ஆடட்டும்."

அவள் தூண்டிலைப் போட்டாள். ஈயம் தரையைத் தொடும்வரை காத்திருந்தாள். பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆடினது இருக்கட்டும் அண்ணை. மணவறையிலை என்னத்தைத் தொய்ய விடுறது எண்டு கேட்டனீங்கள். மகளின்ரை கையை விட்டிட்டியளோ?"

குகதாசன் தன் தூண்டிலைப் போட்டு, நூலைத் தொய்ய விட்டார்.