பெரியநாயகி மட்டும் தோண்டிய ஊற்று

ஒரு காட்டில் ஓர் ஆறு இருந்தது, பிள்ளைகளே. ஆறு என்று பேர்தான். கோடை வந்தால் வெறும் மணல். அந்த மணலுக்கு அடியில் எங்கே தண்ணீர் கிடக்கிறது என்று மோந்து கண்டுபிடிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். பெரியநாயகி என்ற யானை.

விடிவதற்கு முன்பே வந்து, தும்பிக்கையால் மோந்து, காலால் தோண்டி ஊற்றெடுப்பாள். ராத்திரிக் காற்று மணலை அள்ளிப் போட்டு மூடிவிடும். மறுநாள் மறுபடி தோண்டுவாள். காடே வந்து குடித்துவிட்டு, "தாயே, நூறு வருஷம் இரு!" என்று வாழ்த்தும். அதைக் கேட்டால் போதும், அவளுக்குக் கால்வலி மறந்துபோகும்.

ஒருநாள் சடையன் என்ற காட்டுப்பன்றி கேட்டான்: "அக்கா, தண்ணீர் இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறாய்? சொல்லிக்கொடேன். நானும் முள்ளம்பன்றியும் கூடத் தோண்டுகிறோம்."

"கிழங்கு தோண்டுகிற மூஞ்சிக்கு இந்த ஆசை வேறா? குடித்தாயா, போனாயா என்று இரு!"

"ஒருநாள் உன்னால் வர முடியாமல் போனால்?"

"வாயைக் கழுவு!"

வாயைக் கழுவினால் ஆயிற்றா? அந்த வாரமே மூங்கில் முள் ஒன்று அவள் பாதத்தில் ஏறியது. கால் வீங்கி, புதரடியில் சாய்ந்துவிட்டாள். ஊற்று மூடிக்கிடந்தது. விலங்குகள் எல்லாம் மணலைச் சுற்றிச் சுற்றி வந்தன. தாகம் இருந்தது, நகம் இருந்தது. எங்கே தோண்டுவது என்றுதான் தெரியவில்லை.

உச்சிவெயிலில் புள்ளிமான் ஒருத்தி தன் குட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். குட்டியின் நாக்கு வெளியே தொங்கியது.

"தாயே, உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? இதற்கு ஒரு வாய் தண்ணீர்..."

பெரியநாயகி எழுந்தாள். கால் மடங்கியது. விழுந்தாள். தாயே என்ற சொல் அன்றுதான் அவளைச் சுட்டது.

"ஓடு, சடையனைக் கூப்பிடு!"

சடையன் வந்தான். "இப்போது மட்டும் இந்த மூஞ்சி வேண்டுமோ?"

"குத்திக்காட்ட நேரமில்லை, தம்பி. குட்டி செத்துவிடும். ஆறு வளைகிற இடத்துக்குப் போ. மேல் மணலை ஒதுக்கிவிட்டு மோந்து பார். சூட்டு வாசனை வந்தால் தள்ளிப் போ. மழை விழுந்த மண் மாதிரி வாசனை வந்தால் தோண்டு. நேராகத் தோண்டினால் மணல் சரியும், அகலமாகத் தோண்டு. முள்ளம்பன்றி வாரித் தள்ளட்டும்."

போனவன் சற்று நேரத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். "வெறும் மணல்தான் அக்கா!"

"மறுபடி போ! நான் முதன்முதலில் தோண்டியபோது மட்டும் குற்றாலமா கொட்டியது?"

மறுபடி போனார்கள். இந்தத் தடவை மணல் கறுத்தது, கசிந்தது, குளம் கட்டியது. குட்டி முகத்தை உள்ளே விட்டு உறிஞ்சியது.

சாயங்காலம் பெரியநாயகி நொண்டி நொண்டி வந்தாள். சடையனைச் சுற்றி ஒரே கூட்டம். ஒரு நொடி அவளுக்கு வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் தும்பிக்கையை விட்டு உறிஞ்சினாள்.

"மணல் நறநறக்கிறது," என்று முணுமுணுத்தாள். இன்னொரு தும்பிக்கை குடித்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"என்ன வேடிக்கை? நாளைக்கு யாரெல்லாம் தோண்டக் கற்றுக்கொள்ள வருகிறீர்கள்?"

நீதி: ஒற்றை ஆள் செய்யும் உதவி, அந்த ஆள் படுத்தால் தானும் படுத்துவிடும்; கற்றுக்கொடுத்து, சேர்ந்து செய்யும் உதவியே நிலைக்கும்.