குளத்தடியில் வெள்ளைக் கல்

வேதநாயகி அம்மாவுக்கு வயது நாற்பத்தைந்து. அவருடைய சீடர் தணிகாசலத்துக்கு அறுபத்துமூன்று. மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

தணிகாசலம் நகரத்துக் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுத்தம் என்றால் அவருக்கு உயிர். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார்; எடுக்கும்போது மறுபடி கழுவுவார்.

ஆறு வருடமாக ஒவ்வொரு குருபூஜைக்கும் அம்மா கேட்பார்.

"இந்த வருஷம் தீட்சை வாங்கிக்கிறீங்களா ஐயா?"

"நான் இன்னும் சுத்தமாகலைம்மா."

அம்மா அதற்கு மேல் கேட்க மாட்டார்.

இந்த வருடம் தணிகாசலம் தோட்டத்துக் குளத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். சிமெண்டுக் குளம், இடுப்பளவு ஆழம், இருபத்தொரு கெண்டை மீன்கள். அடியில் சேறு தெரிவது அவருக்குப் பொறுக்கவில்லை. பெரிய கல், அதன்மேல் சரளை, அதற்கும் மேலே வெள்ளைக் கூழாங்கல் என்று ஒரு முழ உயரத்துக்குப் பரப்பினார். தண்ணீர் பளிச்சென்று ஆனது. வந்தவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். அவர் பக்கத்தில் நின்று, யாரும் கேட்காமலே விளக்கம் சொன்னார்.

மூன்றாம் மாதம் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஒரு வாரத்தில் மூன்று செத்துப்போயின. தணிகாசலம் மேல்வரிசைக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து பிரஷ்ஷால் தேய்த்தார். மறுநாளும் மீன்கள் வாயைப் பிளந்தன.

அன்று காலை அவர் பையைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

"ஊருக்குப் போறேன்மா. ஒரு குளத்தைப் பார்த்துக்க வக்கில்லை. எனக்கெல்லாம் தீட்சை எதுக்கு?"

"எத்தனை மீன் மிச்சம்?"

"பதினெட்டு."

"அதைக் காப்பாத்திட்டுப் போங்க. பஸ் சாயங்காலமும் இருக்கு."

மேல் தண்ணீரைப் பிளாஸ்டிக் தொட்டிகளில் மொண்டு ஊற்றி, மீன்களை அதில் விட்டார்கள். மிச்சத்தை வாழைக்குத் திறந்துவிட்டார்கள். முழங்காலளவு தண்ணீர் இருக்கும்போது அம்மா குளத்தில் இறங்கி, வெள்ளைக் கற்களுக்கு நடுவில் ஒரு கம்பியைக் குத்தினார். குமிழி குமிழியாக வந்தது. அழுகிய முட்டை நாற்றம் தோட்டம் முழுக்கப் பரவியது.

தணிகாசலம் மூக்கைப் பொத்திக்கொண்டு நான்கு அடி பின்னால் போனார்.

"இப்படிக் கல் போட எங்க கத்துக்கிட்டீங்க?"

"பிளான்ட்லம்மா. வடிகட்டுற தொட்டியில இதே வரிசைதான்."

"அங்க இந்த நாத்தம் வருமா?"

"வராது. தினமும் அடியிலேர்ந்து தண்ணியைத் திருப்பி விடுவோம். சிக்குன அழுக்கெல்லாம் மேல வந்து வெளியே போயிடும்."

"இங்க?"

முப்பது வருடம் தினமும் செய்த வேலை. எப்படி மறந்தோம் என்று அவருக்கே புரியவில்லை.

"அடியிலேர்ந்து திருப்பி விட வழி வைக்கலைம்மா."

"சரி, இறங்குங்க. கூடை அங்க இருக்கு."

அம்மா அள்ளி நிரப்ப, அவர் வாங்கிக் கரையில் கொட்டினார். கீழே போகப்போகக் கல்லெல்லாம் கறுப்பாக வந்தது. அம்மாவின் முழங்கை வரை சேறு. ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. தணிகாசலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு கூடைக்குப் பிறகு அவர் கை நின்றுவிட்டது.

"என் வீட்டுக்காரிக்குக் கடைசியில புண்ணு வந்துச்சும்மா. ஆறாத புண்ணு."

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டேன். எங்கே அவர்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்கா. எனக்கு டபுள் ஷிப்ட்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். ஷிப்ட் இல்லம்மா. அந்த நாத்தம் எனக்குத் தாங்கலை. அவ போனப்பகூட நான் பக்கத்துல இல்லை."

சொல்லி முடித்ததும் அவருக்கு அழுகை வந்தது. சேற்றுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுது முடிக்கும்வரை அம்மா பக்கத்திலேயே அந்தச் சேற்றில் நின்றார். பிறகு அடுத்த கூடையை நீட்டினார்.

மதியத்துக்குள் தரை தெரிந்தது. தணிகாசலம் பிளீச்சிங் பவுடர் டப்பாவோடு வந்தார்.

"அது எதுக்கு?"

"பக்கச் சுவர்ல பாசி இருக்கும்மா. அடியில சேறும் கொஞ்சம் இருக்கு."

"இருக்கட்டும், மீனுக்கு ஒண்ணும் ஆகாது. டப்பாவை உள்ளே வைங்க."

"மேல என்ன கல் போடலாம்?"

"ஒண்ணும் வேணாம். மீன் ஒதுங்க மூலையில ரெண்டு உருண்டைக் கல் போதும்."

"அழுக்கு விழுந்தா தெரியுமேம்மா."

"தெரிஞ்சாத்தானே வலையால அள்ளுவீங்க."

எடுத்துவைத்த பழைய தண்ணீரோடு கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்து விட்டார்கள். மீன்களையும் விட்டார்கள். சாயங்கால பஸ் போனதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

மறுநாள் விடியும் முன்பே தணிகாசலம் குளத்தருகே போய் உட்கார்ந்தார். மேலே ஒரு மீனும் இல்லை. வெளிச்சம் வந்ததும் எண்ணினார். பதினெட்டும் அடியில் சாவகாசமாகத் திரிந்துகொண்டிருந்தன. ஒன்று கீழே எதையோ கிளற, லேசாகச் சேறு கிளம்பி அடங்கியது. அதைப் பார்த்து அவருக்குக் கோபம் வரவில்லை. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கினாற்போல இருந்தது. பல வருடம் கழித்து நன்றாக மூச்சு விட்டார்.

பூக்கூடையோடு அம்மா அந்தப் பக்கம் வந்தார்.

"இன்னிக்கு நல்ல நாள். தீட்சை வாங்கிக்கிறீங்களா ஐயா?"

தணிகாசலம் எழுந்து நின்றார். நகக்கண்ணில் இன்னும் கறுப்பு இருந்தது.

"நேத்து நான் சொன்னது அப்படியேதானேம்மா இருக்கு? அது போகலையே. அதோடயேவா?"

அம்மா குளத்தைப் பார்த்தார்.

"அடியில சேறும்தான் போகலை. மீன் அதோடயேதான் இறங்கியிருக்கு. நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்க."